எறும்பு வராத வாசல்

கம்பம் ஊரில் நாங்கள் கூழ்க்கடை திறந்தபோது எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு, கடையில் ஒரு ஈ கூட இல்லை என்பதுதான். தேக்கடிக்குப் போகிற வழியில் கருப்பட்டிக் காப்பி குடிக்க இறங்கிய மலையாளத்துக்காரர் ஒருத்தர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "சேச்சி, ஒரு ஈச்ச கூட இல்லல்லோ! எங்க ஊரு ஹோட்டல்ல ஈச்ச ஓட்டவே தனியா ஒரு ஆள் வேணும்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. அவர் போனதும் சாமி படத்துக்கு முன்னால் நின்று, எல்லாம் உன் கருணை ஆத்தா என்று கும்பிட்டேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருசம் ஆகியிருந்த நேரம் அது. அதற்கு முன்னால் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம். பந்தலுக்குக் கீழே நின்று அண்ணாந்து மருந்தடிக்கிற வேலை எங்க வீட்டுக்காரருக்கு. அடித்த மருந்தில் பாதி கொடிக்கு, பாதி அவர் முகத்துக்கு. ஒரு நாள் மருந்தடித்துவிட்டு வந்தவர் வாசலிலேயே சாய்ந்துவிட்டார். தேனி ஆஸ்பத்திரியில் டாக்டர் கையை விரித்தபோது, ஆஸ்பத்திரி வராண்டாவில் வீரபாண்டி ஆத்தா கோயில் இருக்கிற திக்கைப் பார்த்து விழுந்து கும்பிட்டேன். "இந்த உசுரைத் திருப்பிக் குடு ஆத்தா. ஒனக்குத் தீச்சட்டி எடுக்கிறேன். இனிமேல் எங்க கை மருந்தைத் தொடாது. மருந்து பட்ட எதையும் ஒருத்தருக்கும் தின்னக் குடுக்க மாட்டேன்." ஆத்தா குடுத்தாள். சித்திரையில் சட்டி எடுத்தேன். தோட்டத்தை விட்டோம்.

அப்புறம்தான் கடை. நான் எட்டாவதோடு நின்றவள். எனக்குத் தெரிந்தது சமையல் ஒன்றுதான். சாமையும் குதிரைவாலியும் கம்பும் கடமலைக்குண்டுப் பக்கத்து மானாவாரிக் காட்டிலிருந்து வரவழைத்தோம். அங்கே வெள்ளாமை பார்க்கிற சம்சாரிகளுக்கு மருந்து வாங்க வசதி கிடையாது. அதுவே எங்களுக்கு வசதியாகப் போனது. 'மருந்தடிக்காத தானியச் சாப்பாடு' என்று போர்டு எழுதி மாட்டினோம்.

வாடகைக்குக் கிடைத்த கட்டிடம் முன்னால் பூச்சிமருந்துக் கடையாக இருந்தது. அவர்கள் பெரிய இடம் பார்த்துப் போய்விட்டார்கள். இதை யாரும் மறைக்கவில்லை, ஊருக்கே தெரியும். விடியற்காலையில் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிற ஜீப் டிரைவர்கள் கூழ் குடிக்க வந்தால் அதை வைத்துத்தான் கேலி. "ஏலே, பாத்துக் குடிங்கடா. பழைய சரக்கு அடியில கெடக்கப் போகுது." "கெடந்தா நல்லதுதான், ஒன் வயித்துப் பூச்சியாவது சாகும்." நானும் சேர்ந்து சிரிப்பேன். கோமியம் தெளித்து, மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துத்தான் அடுப்பைப் பற்ற வைத்தோம். அதோடு எல்லாம் போய்விட்டது என்று நம்பினோம்.

வாசலில் தினமும் பச்சரிசி மாவுக் கோலம்தான் போடுவேன். கல்லு மாவு தொட மாட்டேன். சோறு போடுகிற இடத்தில் முதல் பந்தி எறும்புக்கு என்று எனக்கு ஒரு எண்ணம். பக்கத்துத் தையல்கடைக் கோலத்தை மத்தியானத்துக்குள் எறும்பு அரித்து, அங்கங்கே கோடு அறுந்து கிடக்கும். என் கோலம் சாயங்காலம் வரைக்கும் போட்டது போட்டபடி இருக்கும். "ஒங் கோலத்தோட அழகுல மயங்கி எறும்பு திங்க மறந்துபோச்சு போல" என்று எங்க வீட்டுக்காரர் சொல்வார். நானும் அப்படித்தான் ஏதோ நினைத்துக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் கடையில் யாரும் இல்லை. மகளுக்கு வந்திருந்த சம்பந்தத்தைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தோம். நல்ல பேச்சு பேசும்போது பல்லி சொல்கிறதா என்று காது தானாகப் போகும் அல்லவா? போனது. ஒன்றும் கேட்கவில்லை. நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். பல்லி இல்லை. திறந்த நாளிலிருந்து ஒரு பல்லியைக்கூட அங்கே பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மூலைக்கு மூலை தேடினேன். ஒட்டடை இல்லை, வலை கட்ட ஒரு எட்டுக்கால் பூச்சி இல்லை. கருப்பட்டிச் சிப்பம் வாய் பிரிந்து கிடக்கிறது, அதில் ஒரு எறும்பு இல்லை. அடுப்பு அணைந்து, தெருச் சத்தமும் அடங்கியிருந்தது. அந்த அறையில் எங்களைத் தவிர வேறு எதுவோ உட்கார்ந்திருப்பது போலவும், அதற்கு இடம் விட்டுச் சின்ன உசுரெல்லாம் ஒதுங்கிப் போய்விட்டது போலவும் எனக்குத் தோன்றியது.  "வெளியில போயி உக்காந்து பேசுவோம்" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

ஆனியில் சாரல் பிடித்ததும் ஒரு அம்மா வர ஆரம்பித்தார்கள். என்னைவிட மூத்தவர்கள். வெளுத்துப்போன சேலை, கையில் ஒரு ஒயர் கூடை. கோலத்துக்கு அந்தப் பக்கம் நிற்பார்கள். கண்ணை மூடி, மூச்சை உள்ளே இழுத்து, அப்படியே வைத்திருப்பார்கள். பிறகு போய்விடுவார்கள். "கூழு குடிங்கக்கா" என்றால் தலையை மட்டும் ஆட்டுவார்கள், நிலைப்படி தாண்ட மாட்டார்கள். சாரல் வலுத்த நாளெல்லாம் தவறாமல் வந்தார்கள்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்தேன், பூசணிக்காய் கட்டினேன். ஜீப் டிரைவர் ஒருவன்தான் மெதுவாகச் சொன்னான்: "அவுகள வெரட்டிராதீக சின்னம்மா. எங்க தெருக்காரவுக. ஒத்த மகன். திராட்சைக்கு மருந்தடிக்கப் போனவன் வீட்டுக்கு வந்து படுத்தான், எந்திரிக்கல. மருந்து இங்கன வாங்கினதுதான்."

அப்படியானால் சாபம் விடத்தான் வருகிறார்கள் என்று முடிவு கட்டினேன். அடுத்த நாள் வந்தபோது வெளியே போய் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, அந்தக் கடை எங்களது இல்ல. நாங்க வாடகைக்கு வந்தவுக. எங்களச் சபிச்சிராதீக."

"சாபமா?" அந்த அம்மா என்னைப் புதுசாகப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். "நான் எதுக்குத்தா சபிக்கிறேன்? எம்புள்ள வாசம் வருது, அதுக்கு வாரேன்."

"என்ன வாசம்க்கா?"

"அவென் சட்ட வாசம். அன்னைக்கு வந்து கழட்டிப் போட்டான்ல, அந்தச் சட்ட. தொவைக்காம மடிச்சு வச்சிருந்தேன். ரெண்டு மழைக்காலத்துல அதுல ஒண்ணுமில்லாமப் போச்சு. இங்கனதான் இன்னும் இருக்கு. சாரல் விழுந்தா நல்லா வருது."

நானும் மூச்சை இழுத்துப் பார்த்தேன். ஈரமண் வாசமும் கூழ் வாசமும்தான். மருந்துக்குள்ளேயே கிடந்து பழகிய மூக்கு எங்கள் இரண்டு பேருக்கும். அதற்கு அது வாசமாகவே படவில்லை.

அந்த அம்மா குனிந்து கோலத்தைப் பார்த்தார்கள். "ஒங் கோலத்தையும் தொடலயா?" என்றார்கள். "அவென் தூக்குவாளியில மிச்சம் வச்ச சோத்தையும் எறும்பு தொடல. மருந்துக் கையோட பெசஞ்ச சோறு. அப்படியே காஞ்சு கல்லாக் கெடந்துச்சு."

அவர்கள் போன பிறகு, கடை சாத்துகிற நேரத்துக்குக் காத்திருந்தேன். கருப்பட்டித் துண்டு ஒன்றைக் கடைத் தரையில் மூலையில் வைத்தேன். இன்னொன்றை வீட்டுச் சமையல்கட்டில் வைத்தேன். காலையில் வீட்டுத் துண்டு எறும்பு மொய்த்துக் கறுப்பாகத் தெரிந்தது. கடைத் துண்டு வைத்த இடத்தில் வைத்தபடி பளபளவென்று இருந்தது. ஈ இல்லை என்று ஆத்தாவுக்கு நான் சொன்ன நன்றியெல்லாம் நினைவுக்கு வந்தது. மருந்து பட்டதை ஒருத்தருக்கும் குடுக்க மாட்டேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து அரிசி களைந்திருக்கிறேன்.

எங்க வீட்டுக்காரரிடம் காட்டினேன். குனிந்து தரையைத் தட்டிப் பார்த்தார். "சிமிட்டிக்குக் கீழ எறங்கியிருக்கும். டின்னு டின்னா ஒழுகின எடம்" என்றார். போர்டைக் கழற்றிச் சுவரோடு சாத்தினார்.

கட்டிடக்காரர் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார். கடப்பாரை போட்டுத் தளத்தைப் பெயர்த்தபோது அடியில் மண் கறுத்து ஈரமாக இருந்தது. அதிலிருந்து கிளம்பிய நெடி எங்கள் செத்த மூக்குக்கே எட்டியது. எங்க வீட்டுக்காரர் தெருவுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தார். வேலைக்காரர்கள் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் அந்த அம்மா வந்தார்கள். ஒயர் கூடையை வாசலில் வைத்தார்கள். நிலைப்படியை முதல் தடவையாகத் தாண்டி உள்ளே போனார்கள். தோண்டிய குழிக்குள் இறங்கி நடுவில் நின்றார்கள். யாருக்கும் கூப்பிடத் தைரியம் வரவில்லை. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி, பிள்ளை வீடு திரும்பினால் தாய்க்கு இருக்குமே, அது. உதடு அசைந்தது. யாரோடு பேசினார்கள் என்று எனக்குத் தெரியும். அதனாலேயே கிட்டே போக நடுக்கமாக இருந்தது.

பிறகு குனிந்து ஒரு கை மண் எடுத்து முந்தானையில் முடியப் போனார்கள். நான் இறங்கி ஓடினேன்.

"வேணாம்க்கா. அது நஞ்சு."

"எனக்குத் தெரியாதா?"

"என் கையால குடுத்துவிட மாட்டேன்க்கா. எம்புருசன் உசுரத் திருப்பிக் குடுத்த ஆத்தாகிட்டச் சொல்லியிருக்கேன்."

விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து மண்ணைத் தட்டிவிட்டேன். வெளியே கூட்டிவந்து சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினேன். பிள்ளை கையைக் கழுவக் குடுப்பதுபோலக் குடுத்துக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் சொன்னார்கள்: "ஒனக்கு ஆத்தா புருசனத் திருப்பிக் குடுத்தா. எனக்கு இந்த வாசத்தத்தான் குடுத்தா. அதையும் நீ எடுத்துக்கிட்ட."

கூடையை எடுத்துக்கொண்டு போனார்கள். அப்புறம் வரவில்லை.

அந்த மண்ணை யார் தோட்டத்திலும் கொட்ட மனசு வரவில்லை. ஊருக்கு வெளியே பொட்டலில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தோம். செம்மண் அடித்து, திமிசுக் கட்டையால் இடித்து, புதுத் தளம் போட்டுக் கடையைத் திறந்தோம். ஆனாலும் கோலம் அப்படியே கிடந்தது. ஆத்தாவிடம் எனக்கென்று எதுவும் கேட்கத் தோன்றவில்லை. தினமும் முதல் கரண்டிச் சாமைச் சோற்றை ஒரு இலைத் துண்டில் வைத்து, நான் பார்த்தே இராத அந்தப் பையனை நினைத்து நிலைப்படி ஓரமாக வைப்பேன். சாயங்காலம் காய்ந்த சோற்றை எடுத்துப் போடுவேன். எனக்கு ஒருத்தரைக் குடுத்தவள் அந்த அம்மாவுக்கு ஏன் குடுக்கவில்லை என்று கேட்பேன். படத்தில் ஆத்தா எப்போதும்போல இருப்பாள்.

தை முடிகிற சமயம் ஒரு காலை இலையில் சோறு அசைந்தது. காற்று என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் எறும்பு. அந்த வரிசை தெருவிலிருந்து வரவில்லை. கடைக்குள்ளிருந்து, நிலைப்படிக்கு அடியில் இருந்த ஒரு வெடிப்பிலிருந்து வந்துகொண்டிருந்தது. அந்த ஜீப் டிரைவரைத் தெருமுனையில் பிடித்து, அந்த அம்மாவை ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல் என்று சொல்லி அனுப்பினேன்.

வந்தார்கள். வாசலில் நின்று பழக்கப்படி மூச்சை இழுத்தார்கள். "போயிருச்சு" என்றார்கள். நான் இலையைக் காட்டினேன்.

"யாருக்கு வச்ச?"

"ஒங்க மகனுக்குத்தான்க்கா."

அந்த அம்மா மெதுவாகக் குத்தவைத்து உட்கார்ந்தார்கள். ஒரு எறும்பு ஒரு பருக்கையைத் தூக்க முடியாமல் இழுத்தது, இன்னொன்று வந்து பிடித்தது, இரண்டுமாக அதை வெடிப்புக்குள் கொண்டுபோய்விட்டன. அடியில் எங்கே கொண்டுபோகின்றன என்று தெரியவில்லை.

"அவென் சோத்துல எறும்பு ஏறுது" என்றார்கள். இன்னும் குனிந்து வெடிப்பைப் பார்த்து, "உள்ளதான் கொண்டுபோகுதுக" என்றார்கள்.

வெயில் ஏறுகிற வரைக்கும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாப்பிட வந்தவர்களெல்லாம் சுற்றிக்கொண்டு போனார்கள், ஒருத்தரும் கேலி பேசவில்லை. கடைசியில் என்னைப் பார்க்காமலே சொன்னார்கள்.

"எனக்கும் ஒரு செம்பு கூழு ஊத்துத்தா."

மோர் மிளகாயோடு கொண்டுவந்து குடுத்தேன். இருந்த இடத்திலேயே குடித்தார்கள். அடியில் ஒரு வாய் மிச்சம் வைத்து, அதை அந்த வெடிப்புக்குப் பக்கத்தில் சாய்த்து ஊற்றினார்கள்.