எட்டும் ஒன்றரையும்

கணக்கில் நான் கெட்டிக்காரி என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டது நான்தான், எட்டு வயதிலேயே. அந்தக் கெட்டிக்காரத்தனம் ஒரே ஒரு முறை நிஜமான சோதனைக்கு வந்தது. ஜப்பான்காரன் காலத்தில், கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில், அத்தையின் மார்பில் வந்த கட்டியை முன்னிட்டு.

அத்தை அப்பாவின் தங்கை. சயாமில் ரயில் பாதை போட மாமாவை லோரியில் ஏற்றிக்கொண்டு போன பிறகு தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை அதற்கு முன்பே ஓடிப்போயிருந்தார். கொழுந்து கிள்ள ஆளில்லாமல் தேயிலைச் செடிகள் மரமாகிக்கொண்டிருந்தன. பெரியவர்கள் மேட்டைக் கொத்தி மரவள்ளி நட்டார்கள்.

கட்டி முதலில் பட்டாணி அளவுதான் இருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் ஐயாவிடம் அப்போது மிச்சமிருந்த ஒரே மருந்து பேதி உப்பு. நல்லவேளையாக அதைக் கொடுக்காமல் உண்மையைச் சொன்னார்.

"புத்து மாதிரி தெரியுதும்மா. கத்தி வச்சு எடுத்துட்டா பொழைச்சுக்கலாம். தள்ளிப்போடாதீங்க."

எனக்குத் தெரிந்த ஒரே புற்று மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் இருந்தது. அதற்குள் நாகம் இருப்பதாகச் சொல்வார்கள். இரண்டு நாள் அத்தையின் ரவிக்கையை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. எதுவும் எட்டிப் பார்க்கவில்லை. ஏமாற்றமாகத்தான் இருந்தது.

தள்ளிப்போடாதீங்க என்றார் டிரெசர். நாங்கள் எங்கே தள்ளிப்போட்டோம்? எங்களைத் தள்ளிப்போடத்தான் ஒரு ராஜ்ஜியமே உட்கார்ந்திருந்ததே! அறுவை செய்கிற டாக்டர் மலைக்குக் கீழே பட்டணத்தில் இருந்தார். மலையிறங்கப் பாஸ் வேண்டும். பாஸ் வாங்க அப்பா தானா ராத்தா டவுனுக்கு நடந்தார். முதல் தடவை அதிகாரி இல்லை. இரண்டாம் தடவை அதிகாரி இருந்தார், காகிதம் இல்லை. மூன்றாம் தடவை இரண்டும் இருந்தன. பாஸை வீட்டுக்குக் கொண்டுவந்து டிரெசரிடம் காட்டினால், மார்பில் கட்டி என்று அப்பாவின் பெயரைப் போட்டிருந்தார்கள். அப்பா தன் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டே மறுபடி நடந்தார்.

நாலாம் தடவை பாஸ் சரி. அத்தை மலையிறங்கியும் போனாள். டாக்டரைப் பட்டாளத்து முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். மயக்க மருந்தும் இல்லையாம். அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். போன லோரியிலேயே முட்டைக்கோஸ் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து திரும்பி வந்தாள்.

அதற்குள் பட்டாணி புளியங்கொட்டை ஆகியிருந்தது. புளியங்கொட்டை கொட்டைப்பாக்கு ஆனது. தினமும் அளவு கேட்பது என் வேலை. சொல்வதில் அத்தைக்கும் சங்கடமில்லை.

"அது மட்டுந்தான் பாஸ் கேக்காம வளருது, மருமவளே" என்பாள்.

அப்பாவுக்கு இந்த நையாண்டி பிடிக்காது. உனக்கு எல்லாம் விளையாட்டு என்று கத்துவார். ஜப்பான்காரனைத் திட்ட முடியாத கோபமெல்லாம் அந்த நாட்களில் எங்கள் வீட்டுக்குள்தான் சுற்றிச் சுற்றி வந்தது. அத்தை அடுப்படிக்கு நகர்ந்துவிடுவாள். எப்போதும் அடுப்படிதான் அவளுக்கு. நான் எந்த நேரத்தில் கண்ணைத் திறந்தாலும் அங்கே முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கணப்பில் புதைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கை நான் திருடாமல் காவல் காக்கிறாள் என்று நினைத்து, அதற்காக அவள்மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தானா ராத்தாவில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த பாய் ஒரு சீட்டுக் கொடுத்தனுப்பினார். டாக்டர் திரும்பிவிட்டார். மருந்தும் வந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை காய்கறி லோரி இறங்குகிறது, டிரைவரிடம் சொல்லிவிட்டேன், ஜப்பான் மணி எட்டுக்குக் கடை முன்னால் நில்லுங்கள்.

அப்பா மரவள்ளி மேட்டில் இருந்தார். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. எழுத்துக்கூட்டிப் படித்தது நான்.

இங்கே மணி விவகாரத்தைச் சொல்லியாக வேண்டும். ஜப்பான்காரன் வந்ததும் எங்கள் சூரியனையே நம்பாமல், தன் ஊர் மணிதான் இங்கேயும் மணி என்று சொல்லிவிட்டான். ஆபீஸ், பள்ளிக்கூடம், லோரி எல்லாம் அவன் மணியில் ஓடின. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வீட்டுச் சுவர்க்கடிகாரம் மட்டும் பழைய மணியிலேயே ஓடியது. முள்ளைத் திருப்பினால் ஸ்பிரிங் அறுந்துவிடும் என்று அவருக்குப் பயம். அது அடிக்கிற சத்தம்தான் எங்கள் லயத்துக்கு நேரம்.

"அப்போ கிராணி வூட்டு மணிக்கு எத்தனைடி?" என்று அத்தை கேட்டாள்.

இதற்குத்தானே காத்திருந்தேன். இரண்டு மணிக்கும் ஒன்றரை மணி வித்தியாசம் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். அடுப்புக்கரியை எடுத்து, சீட்டின் பின்பக்கத்தில் எட்டு எழுதினேன். அதன்கீழ் ஒன்றரை எழுதினேன். கோடு கிழித்தேன்.

"ஒம்பதரை."

"சரியாப் பாத்தியா?"

"எழுதியே காட்டிட்டேன்ல அத்தே!"

கோடு கிழித்துப் போட்ட கணக்கை யார் மறுப்பார்கள்? அத்தை என் கன்னத்தைக் கிள்ளினாள். அப்பா வந்ததும் லோரி ஒன்பதரைக்கு என்று அவள்தான் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை கிராணி வீட்டில் ஆறு அடித்ததும் புறப்பட்டோம். பனி மூடிய பாதையில் அத்தை ஒரு மூட்டையோடு நடந்தாள். மாற்றுப் புடவை ஒன்று, அவித்த மரவள்ளி, அம்மன் கோயில் திருநீறு. கணக்குப் புலி என்ற முறையில் நானும் கூடப் போனேன். எங்கள் மணிக்கு எட்டரைக்கெல்லாம் கடைக்குப் போய்விட்டோம். ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டோம் என்று அப்பாவுக்குப் பெருமை. சோளத்தைக் கருக்கிப் போட்ட கோப்பி மூன்று சொன்னார்.

பாய் கோப்பி போடவில்லை. எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னண்ணே இப்ப வர்றீக? லோரி விடியக்காலையிலேயே போயிருச்சு லா!"

"லோரி ஒம்பதரைக்குத்தானே, பாய்!"

"ஜப்பான் மணி எட்டுன்னு எழுதினேனே, நமக்கு அது ஆறரைண்ணே. அவன் மணி முன்னாடி ஓடுது. கழிக்கணும், கூட்டக் கூடாது. டிரைவர் அரை மணி நேரம் ஹாரன் அடிச்சுக்கிட்டு நின்னான், பாவம்."

அப்பா தலையைச் சுற்றிக் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார், உதறினார், மறுபடி கட்டினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஒம்பதரைன்னு யாரு சொன்னது?"

நான் மேசைக்குக் கீழே தெரிந்த பூனையைக் கூர்ந்து கவனித்தேன். அடி வாங்கப்போகிற பிள்ளைக்கு உலகத்தில் உள்ள பூனைகள்மேல் எல்லாம் திடீர் அன்பு வரும்.

"நாந்தாண்ணே" என்றாள் அத்தை. "புள்ள ஆறரைன்னுதான் சொல்லுச்சு. இந்தக் குளுர்ல அம்புட்டு வெள்ளன யாரு எந்திரிக்கிறதுன்னு நாந்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

அப்பா வெடித்தார். நாலு தடவை பாஸுக்கு நடந்த கால் வலி, ஒருநாள்கூட வாய்விட்டுச் சொல்லாத பயம், எல்லாம் அந்தக் கடைவாசலில் கொட்டியது. "உனக்குத் தூக்கந்தான் பெரிசாப் போச்சா? உசிரு பெரிசில்லையா? நீ எப்படியோ போ!" என்று கத்தினார். அத்தை மூட்டையை அவிழ்த்து, அவித்த மரவள்ளியில் ஒரு துண்டை என் கையில் கொடுத்தாள். என்னைப் பார்த்து ஒரு கண்ணை மூடித் திறந்தாள்.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். திரும்பி நடந்து லயத்தை அடைவதற்குள், நான் ஆறரை என்றுதான் சொன்னேன் என்று எனக்கே உறுதியாகிவிட்டது. அவ்வளவு நல்ல மனசாட்சி எனக்கு! மறுநாளிலிருந்து அத்தைக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்து, லயத்துப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். கூப்பிட்டால் அத்தையும் கொட்டாவி விடுவதுபோல வாயைத் திறந்து காட்டிச் சிரிக்க வைப்பாள். அப்பா மட்டும் மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

அடுத்த வாரம் லோரியைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. அதற்கடுத்து லோரி வந்தபோது டாக்டர் இல்லை. பிறகு பாஸின் தேதி முடிந்துபோனது. அன்றைக்கு அந்த லோரியில் ஏறியிருந்தால் பிழைத்திருப்பாளா? தெரியாது. அந்த ராஜ்ஜியத்தில் கடைசி நிமிடத்தில் இன்னொன்று இல்லாமல் போயிருக்கவும் கூடும். ஆனால் அந்த ஒரு செவ்வாய்க்கிழமை டாக்டர், மருந்து, லோரி, பாஸ் எல்லாம் ஒன்றாக இருந்தன. கழித்தல் மட்டும் இல்லை.

எனக்கு அளவு சொல்வதை அத்தை நிறுத்திவிட்டாள். ஜப்பான்காரன் போவதற்கு நாலு மாதம் முன்னால் போய்ச் சேர்ந்தாள்.

சண்டை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று, வாத்தியார் நாற்காலிமேல் ஏறிக் கடிகார முள்ளைப் பின்னால் திருப்பினார். ஒன்பதரை எட்டானது. பிள்ளைகள் கைதட்டினார்கள். கைதட்டப் போன எனக்கு, சீட்டின் பின்பக்கத்துக் கரிக்கோடு அப்படியே கண்முன் வந்தது. வெளிக்கு வருகிறது என்று சொல்லி எழுந்து ஓடினேன்.

"தூங்கியே செத்தா எந்தங்கச்சி" என்று அப்பா கடைசிவரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். திருத்தப் பலமுறை வாயெடுத்தேன். அதோடு சரி.

மரவள்ளி அவிக்கும்போதெல்லாம் அந்த அடுப்படி நினைவுக்கு வரும். கணப்பில் கிழங்கு இல்லாத நாட்களிலும் அத்தை அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். வலியில் படுக்க முடியாமல், மாதக்கணக்காகக் கண்மூடாமல் இருந்தவள் வேறு எங்கே உட்காருவாள்? அவளைத்தான் நான் விடியற்காலையில் எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டே, "என்ன தூங்குமூஞ்சி, முழிச்சுட்டியா?" என்று கேட்டேன்.