கணைக்காலில் ஒட்டிய தொடைத்தோல்

1

ஐந்தாம் நாள் காலையில் ஆதம்பாவாவின் கட்டை அவிழ்த்தேன். ஒட்டிவைத்த தோல் முழுவதும் கோஸ் துணியோடு சேர்ந்து என் கையில் வந்துவிட்டது. ஊறிய கடதாசி மாதிரி, சாம்பல் நிறம். பக்கத்தில் நின்ற சத்திரசிகிச்சை டொக்டர் கையுறையைக் கழற்றினார்.

சுனாமி வந்து ஆறாவது கிழமை அது. அப்போது நான் ஆஸ்பத்திரி டிரெசிங் அறையில் இருபத்திரண்டு வருட அட்டெண்டன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கூட்டித் துடைக்கத்தான் என்னை எடுத்தார்கள். மருந்து கட்ட நானே பார்த்துப் பார்த்துப் பழகினேன். பிறகு பட்டம் பெற்று வந்த டொக்டர்மாரே புண்ணைக் காட்டி என்னிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, கேட்டவர்கள் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள்.

ஆதம்பாவா கல்முனைக்குடிக் கடற்றொழிலாளி. அலையில் வந்த கூரைத் தகரம் ஒன்று, முழங்காலுக்குக் கீழிருந்து கணுக்கால் வரை முன்பக்கத் தோலைச் சீவிக்கொண்டு போயிருந்தது. மனைவியும் மகளும் அன்றைக்கே அலையில் அள்ளுண்டு மௌத்தாகிவிட்டார்கள்.

2

தோல் என்பது ஒரே விரிப்பு அல்ல. மேல்தோல் வெங்காயச் சருகு போல மெல்லியது. அதில் இரத்தம் ஓடாது. வெளியிலுள்ள கிருமி உள்ளே வராமலும் உள்ளேயுள்ள ஈரம் வெளியே போகாமலும் காவல் நிற்பது அதுதான். அதன் கீழே உள்தோல். இரத்தக்குழாய், நரம்பு, வியர்வைச் சுரப்பி, மயிர்வேர் எல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன. அதற்கும் கீழே கொழுப்பு. தோல் ஒட்டும் கிராஃப்ட் செய்யும்போது தொடையிலிருந்து மேல்தோலையும் உள்தோலில் கொஞ்சத்தையும் சீவி எடுப்பார்கள். மீந்த உள்தோலிலுள்ள மயிர்வேர்களைச் சுற்றித் தொடை தன் தோலைத் திரும்ப உண்டாக்கிக்கொள்ளும். இதைப் புத்தகத்தில் படிக்கவில்லை, ஒவ்வொரு நாளும் கட்டவிழ்த்துக் கண்ணால் பார்த்தேன்.

சீவிய தோல் வெறும் எலும்பில் பிடிக்காது. எலும்பைச் சுற்றி ஒரு சவ்வு இருக்கிறது. ஹஜ் பெருநாளில் குர்பான் இறைச்சி வெட்டியவர்களுக்குத் தெரியும், விலா எலும்பைக் கத்தியால் சுரண்டினால் சுருண்டுகொண்டு வருமே, அதுதான். அதில் இரத்தம் ஓடுவதால் தோல் அதன்மேல் பிடிக்கும். ஆதம்பாவாவின் கணைக்கால் எலும்பில் அந்தச் சவ்வு மிஞ்சியிருந்தது. மூடாமல் விட்டால் அது காய்ந்துபோகும்; பிறகு எலும்பு கறுக்கும்.

வைத்த தோலுக்கு இரத்தம் வந்து சேர நாலைந்து நாள் செல்லும். அதுவரை அசையவும் கூடாது, நனையவும் கூடாது. சம்மாந்துறைப் பக்கத்து வயற்காரனுக்கு இதை விளக்கத் தேவையில்லை. விதைத்த வயலில் வேர் பிடிக்குமுன் தண்ணீர் நின்றால் முளை அழுகிவிடும்.

"இன்னும் ஒருதரம் வச்சுப் பார்ப்பம்" என்றார் டொக்டர். "அதுவும் போனா கால எடுக்கத்தான் வேணும்."

ஆதம்பாவா கூரையைப் பார்த்தபடி, "ஒத்தக் காலோட தோணி தள்ள ஏலாதே டொக்டர்" என்றார்.

3

பிழை ஒப்பரேஷன் தியேட்டரில்தான், தோலைத் தடிப்பாகச் சீவிவிட்டார்கள் என்று வாட்டெல்லாம் சொல்லித் திரிந்தேன். வாட்டுக்குப் பொறுப்பான தாதி மிஸ்ஸி பொறுத்துப் பார்த்துவிட்டு, "அப்ப அடுத்தமுற நீங்களே சீவுங்க" என்றார்.

இரண்டாம் ஒப்பரேஷனுக்கு முதல்நாள், பின்னேரம் அஸர் தொழுகை நேரம், வாளியைக் கழுவ வாட்டுக்குப் பின்னால் போனேன். குழாயடியில் ஆதம்பாவா, தொழுகைக்கு முன் கைகால் கழுவும் வுளுவுக்காக, கல்லொன்றில் உட்கார்ந்திருந்தார். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களில் கோப்பையால் தண்ணீர் வார்த்து, சின்ன விரலை விட்டு இடுக்கெல்லாம் கோதிக் கழுவினார். தண்ணீர் பாதத்தில் ஓடிக் கட்டுக்குள்ளே ஏறியது. ஒரு நாளைக்கு ஐந்து வக்துத் தொழுகை, ஐந்து நாள். எனக்குக் கணக்கு விளங்கிவிட்டது.

"தம்பி, தண்ணி படப்படாதெண்டு சொன்னேனே."

"ஓம் காக்கா, சொன்னீங்க. அதான் கட்டில ஊத்தாம விரலில மட்டும் ஊத்துறன். கால் கழுவாத வுளு ஒரு வுளுவா?"

கட்டின் மேலால் ஈரக் கையால் தடவினால் போதும், அதற்கு மஸ்ஹு இருக்கிறது என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க மருந்து கட்டுற ஆள். மார்க்கம் சொல்ல வேற ஆள் இரிக்கி" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்டைக்கு நான் விடியச் சுபஹு தொழாமப் படுத்துக் கிடந்தன் காக்கா. தண்ணி வரக்குள்ளயும் படுக்கையிலதான். இனி ஒரு வக்தும் தவற விடமாட்டன். கால் போனாப் போகட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய், மௌலவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார்.

"கட்டுப் போட்ட இடத்துக்கு மேலால ஈரக் கையால தடவி, மண்ணில கை தட்டித் தயம்மும் செய்ங்க. விரலையும் நனைக்காதீங்க, தண்ணி உள்ள போகும். உங்கட வுளு கூடும், தொழுகையும் கூடும், ஒண்டும் குறையாது. அல்லாஹ் தந்த கால அழுக வச்சுப்போட்டு, அதக் கழுவி ஆருக்குக் காட்டப் போறீங்க?"

ஆதம்பாவா அழுதார். நான் வெளியே வந்தேன். சைக்கிளில் ஏறுமுன் மௌலவி கேட்டார்.

"நீங்க இங்க எத்தின வருசம்?"

"இருபத்திரெண்டு."

"இத எத்தின பேருக்குச் சொல்லியிரிக்கீங்க?"

அன்றைக்கு முன் ஒருவருக்கும் சொன்னதில்லை. நானும் தொழுகிறவன்தான். தண்ணீர் படக்கூடாது என்பதைச் சொன்னேனே தவிர, படாமல் எப்படித் தொழுவது என்று ஒருவரிடமும் கதைத்ததில்லை. அந்த வருடங்களில் கையோடு கழன்று வந்த தோல்களுக்கெல்லாம் நான் தியேட்டரைத்தான் குற்றம் சொல்லியிருந்தேன்.

4

இரண்டாம் முறை ஐந்தாம் நாள், கோஸ் தோலை இழுக்காமலிருக்க, கட்டை நான் உப்புநீரால் நனைத்து நனைத்து அவிழ்த்தேன். ரோசா நிறம். விரலால் அழுத்தினேன், வெளுத்தது, எடுத்தேன், சிவந்தது. இரத்தம் வந்துவிட்டது. மிஸ்ஸியைப் பார்த்தேன். தடிப்பைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை, கேட்டிருக்கலாம்.

அதற்குப் பிறகு ஓய்வுபெறும் வரை, கட்டுப் போடுமுன் எல்லாரிடமும் ஒரு கேள்வி கேட்டேன். நம்மவர்களிடம், வுளுவுக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று. காரைதீவு, பாண்டிருப்புப் பக்கத்திலிருந்து வருபவர்களிடம், கோயிலுக்கு முழுகிப் போகும் நாள் இடையில் வருகிறதா என்று. தோலைப் பற்றி எனக்கு இவ்வளவு தெரியும்; அந்தத் தோலுக்குள் இருக்கிற ஆளிடம் கேட்கத்தான் இருபத்திரண்டு வருடம் சென்றது.

யுத்தம் முடிந்த வருடம் ஆதம்பாவாவைக் கடற்கரையில் கண்டேன். கரவலை இழுத்துவிட்டு வந்திருந்தார். உடம்பெல்லாம் வியர்வை, கணைக்காலில் அந்த இடம் மட்டும் மயிரும் வியர்வையும் இல்லாமல் உலர்ந்து மினுங்கியது. பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். வாளியில் தண்ணீர் எடுத்துக் காலை நீட்டியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இப்பத் தண்ணி படலாமா காக்கா?"

நானே வாளியை வாங்கி ஊற்றினேன்.