மணிக்கட்டும் நான் கேட்ட கெட்ட வரமும்

அறுபத்து நாலாம் வருஷம் சித்திரையில் கிணற்றடியில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். வீக்கம் வடிந்தது, வலி போகவில்லை. ஆவணியில் சோறு பிசையக்கூட முடியவில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் சொன்னார்:

“மணிக்கட்டுல ஒரு சின்ன எலும்பு ரத்த ஓட்டம் இல்லாம செத்துக்கிட்டு வருதும்மா. வெளிநாட்டுல அழுத்தம் கூட்டின அறைக்குள்ள உட்கார வச்சு பிராணவாயு கொடுத்துப் பார்க்காங்களாம். இங்க அந்த வசதி இல்ல. மாவுக்கட்டு போடுதேன். மிச்சத்தை உங்க சாமிகிட்ட கேளுங்க.”

ஆமத்தூர்ப் பக்கம் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் பெட்டிக்குள் குச்சி அடைப்பது என் வேலை. வேகத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. கட்டுப் போட்ட மறுநாளே என் இடத்தில் என் கொழுந்தன் பெண்டாட்டி முத்துலட்சுமி உட்கார்ந்தாள். “அக்கா, முத்துலட்சுமி உன்னையே மிஞ்சிட்டாளாமே!” என்று என் தம்பி வந்து சொன்னான். என் வயிறு எரிந்தது. அவள்தான் தினமும் எனக்குத் தலை சீவிவிட்டாள். அந்த விரல்கள் பட்டாலே எனக்கு ஆகவில்லை.

மாரியம்மன் முன்னால் நின்றேன். என் கைக்காக வேண்டவில்லை. “தாயே, அவ கையும் முடங்கட்டும்” என்று வேண்டினேன். மறைக்காமல் சொல்கிறேன்.

ஐந்தாம் நாள், இரண்டு கையிலும் துணி சுற்றி அவளைக் கூட்டி வந்தார்கள். அடைக்கும்போது குச்சி உரசித் தீப்பிடித்துவிட்டதாம். ஒரு நொடி எனக்குச் சந்தோஷம் வந்தது. அப்புறம்தான் நான் கேட்ட வரம் நினைவுக்கு வந்தது. கோவிலுக்கு ஓடினேன். “என் கை போனாலும் போகட்டும், அவ கையைக் குடு தாயே” என்று தரையில் விழுந்து அழுதேன்.

திரும்பி வந்து அவளிடமே எல்லாவற்றையும் சொன்னேன். அதற்கு அவள் சொன்னாள்: “அக்கா, எனக்கும் உங்க மேல அம்புட்டுப் பொறாமை. உங்களைத் தோக்கடிக்கணும்னுதான் கண்ணுமண்ணு தெரியாம அடைச்சேன். அதான் உரசிருச்சு.”

அன்றிலிருந்து நான் அவளுக்காகவும் அவள் எனக்காகவும் வேண்டினோம். அவள் புண் பதினைந்து நாளில் ஆறியது. மார்கழியில் என் கட்டைப் பிரித்துப் படம் எடுத்தார்கள். “எலும்புல உயிர் திரும்புதும்மா. இம்புட்டு நான் எதிர்பார்க்கல” என்றார் டாக்டர். கை முழுதாக மடங்காது. ஆனால் வேலை செய்கிறது. தை மாதம் இருவரும் ஒரே பானையில் பொங்கலிட்டோம்.

இன்றும் அவளை யாராவது புகழ்ந்தால் உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருக்கும். உடனே அவள் பேரைச் சொல்லி அம்மனிடம் வேண்டிக்கொள்வேன். உங்களுக்கும் யார் மேலாவது வயிறு எரிந்தால், முதலில் அவர்களுக்காகக் கேட்டுப் பாருங்கள். அம்மன் உங்களையும் கைவிட மாட்டாள்.