நாய்க்கடி ஊசியும் மாப்பிள்ளையும்

கழிவுநீர் லாரிக்கு டிரைவரும் அவன்தான், தொட்டிக்குள் குழாயை இறக்குகிறவனும் அவன்தான். ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடும் இடத்தில் நின்று நிதானமாக டீ குடிப்பான். எந்த நாற்றத்துக்கும் அவன் முகம் சுளித்ததில்லை. சுளித்தவர் தங்கச்சி புருஷன், ஜவுளிக்கடைக்காரர். மச்சான் வந்துவிட்டுப் போனால் சோபா உறையைக் கழற்றித் துவைக்கப் போடுவார். தங்கச்சிக்காக அவன் வாய் திறக்கவில்லை. அந்த வீட்டுக்குப் போய்வருவதைக் குறைத்துக்கொண்டான், அவ்வளவுதான்.

அந்த மாப்பிள்ளை ஒரு காலையில் தானாகப் போன் செய்தார். தங்கச்சிக்கு வயிற்றில் கட்டி, மறுநாள் ஆபரேஷன். அவளுக்கு ஏற்றும் ரத்தத்துக்கு ஈடாக வீட்டார் பக்கமிருந்து யாராவது ரத்த வங்கிக்கு ரத்தம் கொடுக்க வேண்டும், எந்த குரூப்பானாலும் பரவாயில்லை.

"உங்களுக்கு இரும்பு உடம்பு மச்சான். நீங்க வந்தா போதும்."

குளித்து, சலவைச் சட்டை மாட்டிக்கொண்டு போனான். ரத்த வங்கி வாசலில் நின்ற மாப்பிள்ளை, அவன் நொண்டுவதைக் கவனித்துவிட்டார்.

"காலுக்கு என்ன?"

"போன வாரம் வேலைக்குப் போன வீட்டுல நாய் கவ்விருச்சு. ஊசி போட்டுக்கிட்டு இருக்கேன்."

மாப்பிள்ளை அக்கம்பக்கம் பார்த்துக் குரலை இறக்கினார். "உள்ள அதைச் சொல்லித் தொலைக்காதீங்க. கேட்டா இல்லைன்னுடுங்க."

"இன்னொருத்தர் உடம்புல ஏத்தற ரத்தம் மாப்ளே."

"யாருக்கோதானே ஏத்தப் போறாங்க? நம்ம வீட்டுக்கா?"

அவன் முகம் சுளித்தான். இத்தனை வருஷம் எந்தத் தொட்டி மேல் குனிந்தபோதும் சுளிக்காத முகம்.

உள்ளே நர்ஸிடம் மறைக்காமல் சொன்னான்.

"நாய் கடிச்சு ஊசி போட்டிருந்தா ஒரு வருஷத்துக்கு எடுக்க மாட்டோம் அண்ணே," என்றவள், பின்னால் நின்றவரைப் பார்த்தாள். "நீங்கதானே புருஷன்? நல்லாத்தானே இருக்கீங்க, வந்து படுங்க."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. சர்க்கரை என்றார். இல்லை, பிரஷர் என்றார்.

"ரெண்டையும் பார்த்துடுவோம்," என்றாள் நர்ஸ்.

அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு மனுஷன் நழுவிவிட்டார்.

அவன் லாரி ஸ்டாண்டுக்குப் போன் போட்டான். இரண்டு டிரைவர்கள் போட்டது போட்டபடி வந்து, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு படுத்தார்கள். எல்லாம் முடிந்தபின் மாப்பிள்ளை வந்து, "காரியத்தை முடிச்சிட்டீங்களே மச்சான்!" என்று பல்லை இளித்துக்கொண்டு கையை நீட்டினார். அந்தக் கையைத் தொட அவனுக்குக் கூசியது. டிரைவர்கள் இருவரையும் டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வார்டில் பார்க்கப் போனபோது தங்கச்சி ஈனக்குரலில் சொன்னாள்: "ரத்தத்துக்கு அவருதான் நாயா அலைஞ்சாராம்ணே. பாவம்."

கையில் டியூபோடு கிடக்கிறவளிடம் என்ன சொல்வது? தலையாட்டினான்.

தையல் பிரித்து, அவள் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு ஒரு மத்தியானம் போனான். மாப்பிள்ளையை எதிரில் வைத்துக்கொண்டே நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். தங்கச்சி தன் புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்படியா?" என்று மட்டும் கேட்டாள். அவர் மறுபடியும் அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்தார். அவள் எழுந்து, அண்ணனுக்குச் சாப்பாடு எடுத்து வைக்கப் போனாள்.