மந்திரி போர்த்திய சால்வை

லண்டனில் கேலிப்படம் அச்சடித்து விற்கும் கடையொன்றின் மாடியில் டார்க்கஸ் பெட்டிஃபர் பத்தொன்பது வருஷம் வண்ணம் தீட்டினாள். மேஜையைச் சுற்றி ஆறு பெண்கள், ஆளுக்கொரு வேலை. ஒருத்தி மூக்குகளுக்குச் சிவப்பு பூசியே கிழவியானாள். டார்க்கஸுக்குத் துணிமணி. மந்திரிகளுக்குப் பட்டு உடுத்தினாள்; பதவி போனதும் அதே ஆட்களுக்குக் கந்தல் உடுத்தினாள். கப்பலுக்குப் போன புருஷன் திரும்பவில்லை. அழுது முடித்து அடுத்த தாளை எடுத்தாள், வேறென்ன செய்ய?

ஒரு ஜனவரியில் ஒரு மந்திரி கவிழ்ந்தார். படத்தில் அவர் கஞ்சிக்குக் கையேந்தி நின்றார். நிஜத்தில் அந்த மகராசன் கிராமத்து மாளிகையில் மான்கறி தின்றுகொண்டிருந்தார். படத்தில் அவர் தோளில் ஒரு சால்வை. ஓரத்தில் பொறி பட்ட ஓட்டை, முதுகில் இரண்டு ஒட்டு. டார்க்கஸ் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். ஆணியில் தொங்கிய அவளுடைய சால்வையேதான். படம் வரையும் ஜோசையா பார்த்து வரைந்திருக்கிறான். அவளுக்கு இருப்பதே அது ஒன்று. பார்த்துப் பூசத் தந்த மாதிரிப்படத்தில் உள்ளபடி அதே பழுப்பு பூசினால், கடை ஜன்னல் முன் சிரிக்கும் கூட்டத்தைத் தாண்டி எப்படி வீடு போவாள்?

மாதிரியை மீறினால் வேலை போகும். ஆனாலும் சால்வைக்கு நீலம் பூசினாள், ஒட்டுகளுக்கு வெளிர்மஞ்சள்.

மறுநாள் படம் ஜன்னலுக்குப் போனது. முதலாளி ஹாக்ஸ்டன் மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"நீலம் பூசினது யாரு?"

"நான்தாங்க. கை தவறிடுச்சு."

"தவறட்டும்மா. நீலமும் மஞ்சளும் எதிர்க்கட்சி நிறமில்ல? பதவி போனதும் எதிராளி துணியைப் போத்திக்கிட்டு நிக்கிறாருன்னு கீழே ஜனம் விழுந்து விழுந்து சிரிக்குது. எல்லாத் தாளுக்கும் இதையே பூசுங்க."

பத்தொன்பது வருஷம் கட்சிக்காரர்களுக்கு உடுத்தியவள், பதற்றத்தில் கட்சி நிறத்தை மறந்தே போயிருந்தாள். அன்று மாலை பழுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு கூட்டத்தைத் தாண்டினாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லாமல் வீட்டுக்கு நடந்தாள்.

காலையில் ஜோசையா அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. அடுத்த படத்துல அவர் தெருத்தெருவா நடக்கிறாரு. உங்க ஷூவைக் கொஞ்சம் கழட்டித் தர்றீங்களா?"

மேஜையே சிரித்தது. டார்க்கஸ் பெருமூச்சு விட்டுக் குனிந்து, பிய்ந்த ஷூவைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள்.

"வரைஞ்சுக்கோ தம்பி. நிறத்தை நான் பாத்துக்கிறேன்."