மாமா அழைத்துப் போன கேம்ப்

"எல்லாரும் ஒருநா கேம்ப் போவோம்" என்று மாமா சொன்னதும், பெரியம்மா குடித்துக்கொண்டிருந்த பிளேன் டீயைக் கீழே வைத்துவிட்டாள்.

"எந்தக் கேம்ப்புக்குடா? என்னா நடந்துச்சி?"

அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கும் தம்பிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மாமாவும் சிரித்தார்.

"பெரியக்கா, இது அந்தக் கேம்ப் இல்ல. ஆத்தோரமா, காட்டுக்குள்ள கூடாரம் போட்டுத் தங்குறது. கொழும்புல இருந்து காரு புடிச்சி வர்றாங்க இதுக்கு."

மாமா அம்மாவின் கடைசித் தம்பி. கஹவத்தையில் பஸ் இறங்கி ஏறி நடக்க வேண்டிய எங்கள் ரப்பர் தோட்டத்தில் அவர் வேலைக்குப் பேர் பதியவே இல்லை. பெல்மதுளைக்கு அப்பால், காட்டாற்றின் கரையில் இருந்த ஒரு கூடார விடுதியின் குசினியில் வேலை செய்தார். முதலில் பீங்கான் கழுவினார், பிறகு சமையல்காரருக்குக் கையாள் ஆனார். வீட்டுக்கு வரும்போதெல்லாம் அங்கே வருகிறவர்களின் கதைகளோடு வருவார். அட்டைக்குப் பயந்து கூடாரத்தைச் சுற்றி உப்புத் தூவுவார்களாம். நாங்களே அடுப்பு மூட்டுகிறோம் என்று அடம்பிடித்துப் புகையில் அழுவார்களாம். தினமும் அட்டையிலும் புகையிலும் கிடந்த எங்களுக்கு இதைவிட நல்ல நகைச்சுவை வேறு இருக்கவில்லை.

மழை மாதத்தில் ஆள் வருவது குறைவு. அப்போது குடும்பத்தைக் கூட்டி வந்து ஓர் இரவு தங்கிக்கொள் என்று விடுதி முதலாளி மஹத்தயா சொல்லியிருந்தார். அதைத்தான் மாமா எங்கள் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து அறிவித்தார்.

"இங்க ஒரு காம்பராவுல நாலு பேரு நெருக்கிப் படுக்குறோம்" என்றார் அப்பா. "அதே நாலு பேரு வேனு புடிச்சிப் போயி துணிக்குள்ள நெருக்கிப் படுக்கணுமாக்கும்."

எதையும் முதலில் குறை சொல்லிவிட்டுப் பிறகு முன்னால் நிற்பது அப்பாவின் பழக்கம். அடுத்த ஞாயிறு மாமா வந்தபோது, எந்த வேன், எந்தக் கோழி என்று முடிவெடுத்து வைத்திருந்தவர் அவர்தான். கோழியை உயிரோடு கொண்டுபோய் அங்கேயே அறுத்துக் குழம்பு வைக்க வேண்டும் என்பது அப்பாவின் கட்சி. நெருப்பில் வாட்டித்தான் தின்ன வேண்டும் என்பது மாமாவின் கட்சி. மாமாவின் மனைவியான அத்தை, கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, ஆறு எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். கூடாரத்துக்குப் பூட்டு உண்டா என்பது தம்பியின் கவலை. மாமா கரித்துண்டால் சிமெந்துத் தரையில் ஆற்றை வரைந்து, பாலம், குசினி, கூடாரங்கள் என்று குறித்துக் காட்டினார்.

அம்மா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரோட்டுல போறவங்களுக்கு கூடாரம் தெரியுமா?"

"தெரியாதுக்கா. நல்லா மறைவு."

"பாலத்த விட்டா மேல ஏறுறதுக்கு வேற வழி இருக்கா?"

"ஒத்தயடிப் பாத ஒன்னு இருக்கு. ஏங்க்கா?"

"ராத்திரி வெளக்கு போட்டா அக்கரையில தெரியுமா?"

"அய்யோ அக்கா, யானையெல்லாம் அந்தப் பக்கமே வராது."

"யானையப் பத்தி யாரு கேட்டா?" என்றாள் அம்மா.

எல்லோரும் சிரித்தோம். பெரியம்மா மட்டும் உள்ளே போய்விட்டாள். அம்மா இப்படி ஏதாவது கேட்கும்போதெல்லாம் அவளுக்கு உள்ளே ஒரு வேலை வந்துவிடும். கடைசியில் முழங்கால் வலி, நான் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். அம்மாவும் அப்படித்தான் சொல்லப்போகிறாள் என்று பயந்தேன். சொல்லவில்லை. மாமாவுக்கு எதையும் மறுத்துப் பழகாதவள் அவள். மாமாவைத் தூக்கி வளர்த்தது அம்மாதான்.

மாமாவுக்கு ஓர் ஆசை இருந்தது. அதை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். கொழும்புப் பணக்கார நோனாமார் உட்காரும் ஆற்றங்கரை நாற்காலியில் அக்காவை உட்கார வைக்க வேண்டும். தட்டில் துணி விரித்து, கோப்பை வைத்து, தானே தேநீர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

புறப்படும் காலையில் எனக்கும் அம்மாவுக்கும் சண்டை. தீபாவளிக்கு வாங்கிய வெள்ளைக் கவுனை நான் போட்டுக்கொண்டு நின்றேன். கழற்று என்றாள். தம்பியின் வெள்ளைச் சட்டையையும் பையிலிருந்து எடுத்து வெளியே போட்டாள். "சேறு படும்ல" என்று அத்தை என்னைச் சமாதானப்படுத்தினாள். அம்மா காரணம் ஒன்றும் சொல்லவில்லை. பழைய காப்பி நிறக் கவுனில், மூக்கைச் சிந்திக்கொண்டு வேனில் ஏறினேன்.

ஆனால் இடம் மாமா சொன்னதைவிட அழகாக இருந்தது. மரங்கள் ஆற்றின் மேல் சாய்ந்து நின்றன. பச்சைக் கூடாரங்களுக்குள் மெத்தைகூட இருந்தது. தம்பி உள்ளே போய் ஜிப்பை இழுத்து மூடி, மறுபடி திறந்து, நாள் முழுக்க அதையே செய்தான். கோழி பாதி குழம்பாகவும் பாதி நெருப்பில் வாட்டியும் ஆனது. சாப்பாட்டுக்குப் பிறகு மாமா தன் குசினிச் சட்டையை மாட்டிக்கொண்டு, வெள்ளைத் துணி விரித்த தட்டோடு வந்தார். அம்மா நாற்காலியின் நுனியில் கூச்சத்தோடு உட்கார்ந்து, கோப்பையை இரண்டு கையாலும் வாங்கினாள். அப்பா போனில் படம் பிடித்தார். அம்மா பல் தெரியச் சிரித்த படம் எங்கள் வீட்டில் அது ஒன்றுதான்.

கோப்பை காலியாகுமுன் அக்கரையில் ஒரு லொறி வந்து நின்றது. குளிக்க வந்த இளைஞர்கள். தகரத்தைத் தட்டிப் பாடிக்கொண்டு, கூச்சல் போட்டுக்கொண்டு கரையிறங்கினார்கள். கூடாரத்தில் தூங்கிய குழந்தை விழித்து வீரிட்டது. அத்தை தூக்கித் தோளில் போட்டுத் தட்டினாள்.

அம்மா எழுந்ததை நான் பார்த்தேன். கோப்பை கல்லில் விழுந்து உடைந்தது. அத்தையின் தோளிலிருந்து குழந்தையைப் பறித்துக்கொண்டு, கூடாரத்தின் பின்னால் புதருக்குள் ஓடிக் குந்தினாள். அழுகை சட்டென்று நின்றது. நாங்கள் ஓடிப் பார்த்தபோது அவள் உள்ளங்கை குழந்தையின் வாயை மூடியிருந்தது.

"ஐயோ, பிள்ளைக்கு மூச்சு முட்டுது! விடுங்க அண்ணி!" என்று அத்தை கதறினாள்.

அப்பா பக்கத்தில் குந்தி, அம்மாவின் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்தார். "குளிக்க வந்த பயலுகதான். விடு. ஒன்னுமில்ல, விடு." அவர் குரலில் கோபமே இல்லை. அது எனக்கு விளங்கவில்லை. நான் ஒரு கோப்பையை உடைத்தால்கூடக் கத்துகிறவர் அவர்.

அம்மா கையை எடுத்தாள். குழந்தை முன்னிலும் பலமாக அழுதது. மாமா கரைக்குப் போய், பிள்ளை பயந்துவிட்டது என்று சிங்களத்தில் சத்தமாகச் சொன்னார். தகரச் சத்தம் உடனே நின்றது. "சமாவென்ன அக்கே!" என்று ஒருவன் அக்கரையிலிருந்து அம்மாவைப் பார்த்து மன்னிப்புக் கேட்டான். கொஞ்ச நேரத்தில் பாலத்தைச் சுற்றி வந்து, குழந்தைக்கென்று ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போனான். அம்மா அதை வாங்கிக்கொண்டாள்.

பிறகு, இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போகலாம் என்றாள். அத்தை அவளோடு பேசவில்லை. மாமா விறுவிறுவென்று மெத்தைகளைச் சுருட்டினார்.

நான் படித்து முடித்து ஆசிரியையாகிய பிறகுதான் பெரியம்மா எனக்கு அதைச் சொன்னாள். தமிழர்களை அடித்து விரட்டிய ஒரு கலவரத்தில் தோட்டத்து லய வீடுகளுக்குத் தீ வைத்தார்களாம். எல்லோரும் ரப்பர் மலைக்கு மேலே, ஆற்றங்கரைக் காட்டுக்கு ஓடினார்களாம். வெள்ளை உடுத்தியிருந்தவர்கள் சேற்றை அள்ளிப் பூசிக்கொண்டார்களாம். கீழே பாதையில் பந்தத்தோடு ஆட்கள் போகும்போதெல்லாம் ஒரு குழந்தை அழுதது. அதை எங்கேயாவது தூரக் கொண்டுபோ, எல்லாரையும் காட்டிக்கொடுத்துவிடும் என்று கூட இருந்தவர்களே சொன்னார்கள். கேம்ப் போன அன்று எனக்கிருந்த வயதைவிடச் சின்னவளாக இருந்த அம்மா, குழந்தையைத் தன் தாயிடமிருந்து வாங்கிக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்தாள். வாயைப் பொத்துவதும், உடம்பு துவண்டால் கையை எடுப்பதும், மறுபடி பொத்துவதுமாக இருந்தாள். காட்டிலிருந்த இரவுகளில் அவள் கண்ணை மூடவில்லை. பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் அடைத்து வைத்தார்கள். அதற்குப் பெயர் கேம்ப்.

அந்தக் குழந்தை மாமா. அவரிடம் இதைச் சொல்லக்கூடாது என்பது அம்மாவின் கண்டிப்பு.

அன்று வேனில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. வேன் பெல்மதுளையைக் கடந்தது. மாமாவால் அதற்குமேல் கோபத்தைப் பிடித்து வைத்திருக்க முடியவில்லை.

"ஏங்க்கா, ஒரே ஒரு ராத்திரி தங்கியிருந்தா என்னா?"

அம்மா ஜன்னலிலிருந்து திரும்பினாள். "நீ தூங்கிருவ. நான்ல முழிச்சிருக்கணும்."

படுத்தால் இடி விழுந்தாலும் எழும்பாதவர் மாமா. அவரே முதலில் சிரித்துவிட்டார். தம்பி சிரித்தான். அதுவரை முகத்தைத் திருப்பியிருந்த அத்தைகூடச் சிரித்தாள். அப்பா மட்டும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு இவ்வளவு நன்றாகப் பகிடி பேச வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. எல்லோரையும்விட நான்தான் அதிக நேரம் சிரித்தேன்.