கடலைக் களத்தில் கதைக்கு அழுதவர்கள்

மழைக்காவது பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருக்கலாம். பொள்ளாச்சிக்குப் பக்கத்துக் கோபாலபுரத்தில் மழையும் கம்மி. எழுத்துக் கூட்டவே நான் வெகு காலம் கழித்துத்தான் கற்றேன். எழுபதுகளில் எனக்குத் தெரிந்த கதையெல்லாம் கடலைக் களத்தில் காதால் கேட்டதுதான்.

பிடுங்கிய செடியைக் குவித்து, சுற்றி உட்கார்ந்து காய் பறிப்போம். கூடைக்குப் போகிற காயில் பாதி வாய்க்குப் போகும். தோட்டத்துச் சொந்தக்காரரை நாங்கள் பண்ணாடி என்போம். அவர் இதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தார். படித்த மருமகளைக் களத்தில் உட்காரவைத்து நாவல் வாசிக்கச் சொன்னார். சோகக் கதை கேட்கிறவன் மெல்லமாட்டான். அதிகம் தின்கிறவன் நான் என்பதால், எனக்கு அந்த அம்மிணிக்கு நேர் எதிரே இடம்.

அந்த வருடம் அட்டை போன ஒரு பழைய நாவல். வாய் பேசாத ஒருத்தன் ஓர் ஊருக்கு வந்து சேர்கிறான். அங்கே வைக்கோல்போர் எரிந்தால் அவன் வைத்த நெருப்பு, ஆடு செத்தால் அவன் பார்த்த பார்வை. கேட்டுக் கேட்டு எங்களுக்கு மனசு ஆறவில்லை.

அப்போதுதான் வண்டிப்பெரியார் எஸ்டேட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். புருஷன் செத்த பிறகு அவன் பிறந்த ஊரென்று எங்கள் ஊரைத் தேடி வந்தவள். அந்தக் கடலை வேலையைத்தான் நம்பியிருந்தாள். அவள் விரல்கள் நுனியெல்லாம் கறுத்து, பாளம் பாளமாக வெடித்திருந்தன. பக்கத்தில் இருந்தவர்கள் மெல்ல நகர்ந்தார்கள். பெருவியாதி என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதற்குத்தான் நான் இருக்கிறேனே.

"கடலைய நல்லாப் பாத்து வறுங்க. காயோட வெரலும் சேந்து வந்துரப்போவுது."

களமே சிரித்தது. அம்மிணியும் வாசித்த பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"நோயில்லண்ணே," என்றாள் அவள். "தேயிலக் கொழுந்து கிள்ளுன கறை."

"பச்சை எலயக் கிள்ளுனா கை பச்சையாவல்ல இருக்கோணும் அக்கா?"

மறுபடியும் சிரிப்பு. நாங்கள் யாரும் தேயிலைச் செடியைக் கண்ணால் பார்த்ததில்லை. நாலு பேர் தின்கிற பொருள், நாளைக்கு வரவேண்டாம் என்று பண்ணாடி தன்மையாகத்தான் சொன்னார். அவள் மடி மண்ணைத் தட்டிவிட்டு அப்போதே எழுந்து போனாள்.

அம்மிணி விட்ட இடத்திலிருந்து வாசித்தாள். ஊர்க்காரர்கள் அந்த ஊமையைக் கல்லெறிந்து விரட்டுகிற இடம். நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாக அழுதேன். அந்தப் பாவிகளில் ஒருத்தன் கையில் கிடைத்தால் மண்வெட்டியால் போடுவேன் என்றும் சொன்னேன்.

அவள் வேறு தோட்டங்களில் வேலை கேட்டாளாம். அவளுக்கு முன்னால் என் பேச்சு அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. பொள்ளாச்சி பஸ் ஏறிவிட்டதாகச் சொன்னார்கள்.

சில மாதம் கழித்து, புண்ணாக்கு லாரியில் சுமைக்காரனாக வண்டிப்பெரியாருக்குப் போனேன். டீக்கடை பெஞ்சில் மூன்று பெண்கள். மூவருக்கும் அதே விரல். நான் நகர்ந்து உட்கார்ந்து, இங்கே இந்த நோவு ஜாஸ்தியோ என்று கடைக்காரரிடம் மெதுவாகக் கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கொழுந்துச் சாறு காஞ்சா கறுத்துரும்ணே. இப்பக் குடிக்கீகளே, அந்த எலதான்."

நாளெல்லாம் டீ குடிக்கிறவன் நான். டீத்தூள் ஏன் கறுப்பாக இருக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அந்த டீ தொண்டையில் இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். இறங்கியது. இன்னொன்றும் வாங்கிக் குடித்தேன்.

அடுத்த கடலைக்கு, அம்மிணி புத்தகத்தைப் பிரிக்குமுன் எழுந்து நின்றேன். அந்த அக்காளுக்கு நோயே இல்லை, நாம் குடிக்கிற டீயின் கறைதான் அது, பழி போட்டவன் நான் என்றேன்.

முதலில் ஒருவர் சிரித்தார். களம் முழுக்கச் சிரித்தது. பண்ணாடி சிரித்த கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"டீத்தண்ணி ஒட்டுன கையாமா. சிரிக்க வெக்க இவனொருத்தன் போதும்."

"நெசமாத்தானுங்க," என்றேன்.

அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.